பளபளக்கும் செம்பை நம்பாதீர்கள்

போன வாரம் பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. தெர்மல் கேமரா பழகும் இரண்டு பையன்கள் என்னோடு வந்திருந்தார்கள். மெயின் மின் பேனலைத் திறந்ததும் ஒருவன் பஸ்பாரை, அதாவது மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் செம்புப் பட்டையை, படம் பிடித்து, "அண்ணா, 36 டிகிரிதான், நார்மல்" என்று எழுதப் போனான். நிறுத்தச் சொன்னேன். அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கான விலையைப் பார்த்தவன். லென்ஸ் துடைப்பது, போகஸ் வைப்பது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். பழகுபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வெறும் உலோகத்தில் காட்டும் எண்ணை எழுதுவது

கேமரா நேராக வெப்பநிலையை அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, கணக்குப் போட்டு டிகிரியாகக் காட்டுகிறது. அந்தக் கணக்குக்குப் பரப்பின் எமிசிவிட்டி, அதாவது உமிழ்திறன், தெரிய வேண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு அது சுமார் 0.95. பளபளக்கும் செம்புக்கு 0.1-க்கும் கீழே போகும். அப்படியென்றால் பஸ்பாரிலிருந்து கேமராவுக்கு வருவதில் பெரும்பங்கு அதனுடையதே அல்ல. எதிர்ச்சுவரும் உங்கள் முகமும்தான் அதில் தெரிகின்றன. ஒரு அடி நகர்ந்து பாருங்கள். சூடான புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்பு.

கேமராவில் எமிசிவிட்டி 0.95 என்று வைத்திருக்க, அறை 30 டிகிரி, செம்பு உண்மையில் 90 டிகிரி என்றாலும் திரையில் 40-க்கு அருகில்தான் வரும்.

ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஆலைக்கு நான் இப்படித்தான் 'எல்லாம் சரி' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் ஜாயின்ட் கருகி, இரண்டு நாள் உற்பத்தி நின்றது. போய்ப் பார்த்தால் லக், அதாவது கேபிள் முனையைப் பஸ்பாரோடு இணைக்கும் உலோகத் துண்டு, அதன் பக்கத்தில் கேபிளின் பிவிசி பழுப்பாகிச் சுருங்கிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து பழைய படத்தைத் திறந்தேன். லக் ஒட்டிய கேபிள் உறையில் 62 டிகிரி, ஒரு முழம் தள்ளி 41. விடை என் படத்திலேயே இருந்திருக்கிறது! பளபளப்பான இடத்து எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எமிசிவிட்டியை 0.1 என்று மாற்றினால் போதுமே என்பார்கள். போதாது. அவ்வளவு குறைந்த மதிப்பில் சின்னப் பிழையும் பல டிகிரியாகப் பெருகிவிடும். கேபிள் உறையைப் பாருங்கள், மூன்று ஃபேஸையும் ஒப்பிடுங்கள். ஷட்டவுன் கிடைத்தால் செம்பின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள், பிறகு லோடு ஓடும்போது டேப்பின் மேல் அளக்கலாம். மின்சாரம் இருக்கும்போது கையை உள்ளே விடவே கூடாது.

லோடு இல்லாத நேரத்தில் அளப்பது

கரண்ட் பாதியானால் ஜாயின்டில் வீணாகும் சூடு கால்வாசியாகிவிடும். 40 சதவீத லோடாவது ஓட வேண்டும். கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் ரீடிங் இல்லாத படத்தை நான் வாங்குவதில்லை.

அக்ரிலிக் மூடி வழியாகப் பார்ப்பது

மூடியின் சூடுதான் தெரியும்.

வெயில் பட்ட சுவர்

கட்டடத்தில் வெப்பக் கசிவைத் தேடும்போது மாலையில் மேற்குச் சுவரை எடுக்காதீர்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசமாவது வேண்டும். பெங்களூருவின் இதமான நாட்களில் அது சாதாரணக் கட்டடத்தில் கிடைப்பதே கஷ்டம். குளிர்பதன அறை என்றால் கவலையில்லை, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டில் கசிவு எங்கே என்று பளிச்சென்று தெரியும்.

அப்புறம் அந்தப் பீன்யா பேனல். ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் ஜாயின்ட் பக்கத்தில் டேப் ஒட்டினோம். திங்கட்கிழமை முழு லோடில், பையன் 36 என்று எழுதப் போன அதே இடம், 71.