உடலுறவில் வலியா? முதலில் இறுக்கத்தை விடப் பழகுங்கள்

"புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிடும்" என்று என் அக்கா சொன்னாள், அதை நம்பி இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சரியாகவில்லை. பார்த்த முதல் டாக்டரோ "எல்லாம் மனசுதான், ரிலாக்ஸா இருங்க" என்று அனுப்பிவிட்டார், எப்படி ரிலாக்ஸாக இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட். இதற்கெல்லாம் பிசியோதெரபி இருக்கிறது என்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இடுப்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோலத் தசைகள் இருக்கின்றன, பெல்விக் ஃப்ளோர் என்பது இவற்றைத்தான். மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது அவைதான். வலிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தோன்றினாலே நம்மைக் கேட்காமல் அவை இறுகிவிடும். இறுகினால் வலிக்கும், வலித்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக இறுகும். இதைத்தான் வஜைனிஸ்மஸ் என்கிறார்கள். வேண்டுமென்று யாரும் இறுக்குவதில்லை, அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எல்லா வலிக்கும் தசை காரணமில்லை. தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்பக்கத் திசு போன்றது கருப்பைக்கு வெளியே வளர்வது), பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து வரும் வறட்சி, பிரசவத் தையலின் தழும்பு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் கைனகாலஜிஸ்ட். உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயிற்றில் ஆழமான வலி இருந்தால் தள்ளிப்போடாமல் போங்கள்.

அப்புறம் பிசியோ. எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதைப் பார்ப்பதில்லை, அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "பெல்விக் ஃப்ளோர் பார்ப்பீங்களா, பார்க்கிறவங்க பெண்ணா, தனி ரூம் இருக்கா?" முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எங்கே வலிக்கிறது, எரிகிறதா குத்துகிறதா, மலச்சிக்கல் உண்டா, பிரசவம் எப்படி ஆனது என்று கேட்பார்கள், மூச்சையும் முதுகையும் இடுப்பையும் பார்ப்பார்கள். கையுறை போட்டு ஒரு விரலால் உள்ளே பரிசோதிப்பதும் உண்டு, உங்கள் சம்மதம் இருந்தால் மட்டும். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். நான் முதல் இரண்டு முறை வேண்டாம் என்றேன், அவர் முகம் சுளிக்கவில்லை.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியது மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள், ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை மட்டும் மேலே எழ வேண்டும். அந்த நேரத்தில் மூத்திரம் போகத் தொடங்கும் நொடியில் அடியில் ஒரு தளர்ச்சி வருமே, அதை நினைத்து அந்த இடத்தைத் தளர விடுங்கள், முக்கக் கூடாது. பிறகு மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பல்லைக் கடித்திருந்தால் தாடையையும் தளர்த்துங்கள். ஐந்து நிமிஷம், தினமும் இரண்டு வேளை. மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனமும் இதற்கு நல்லது. யூடியூப் பார்த்துக் கெகல் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். கெகல் என்பது இறுக்கும் பயிற்சி, ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு அது வலியைக் கூட்டலாம்.

தொடுகைப் பயிற்சியை பிசியோ காட்டிக்கொடுத்த பிறகு செய்யுங்கள். நகம் வெட்டி, கை கழுவி, கட்டைவிரலில் எண்ணெயோ லூப்ரிகன்ட்டோ தடவி, முதல் கணு அளவு மட்டும் உள்ளே வைத்து ஆசனவாய்ப் பக்கமாக மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் இழுக்கும், கொஞ்சம் எரியும். மூச்சை விட்டுக்கொண்டே அரை நிமிஷம், ஒரு நிமிஷம் இருந்தால் விரலுக்குக் கீழே அந்த இடம் மெழுகு இளகுவதுபோல இளகும். முதல் தடவை அது இளகியபோது நான் அழுதுவிட்டேன். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் விரலை எடுத்துவிடுங்கள். தையல் தழும்பு என்றால், பிரசவமாகி ஆறு வாரமாவது ஆகி டாக்டர் சரி என்ற பிறகுதான்.

அடுத்தது டைலேட்டர், சுண்டுவிரல் பருமனில் தொடங்கும் வழவழப்பான குழல்கள். ஒரு அளவு கொஞ்சமும் பயமில்லாமல் போகிற வரை அடுத்ததை எடுக்க வேண்டாம், அதற்கு மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒன்று கவனம், ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் உறவின்போது தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, ஆணுறையின் ரப்பர் (லேடெக்ஸ்) கிழிந்துவிடக்கூடும். தண்ணீரில் செய்த லூப்ரிகன்ட் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.

இந்தக் காலத்தில் உள்ளே நுழையும் உறவை நிறுத்திவையுங்கள். நடுநடுவே ஒரு தடவை வலித்தாலும் தசை பழைய பயத்துக்கே போய்விடலாம். கணவரிடம் படுக்கையில் சொல்லாமல் பகலில் சாவகாசமாகச் சொல்லுங்கள்: "ஏங்க, கொஞ்ச நாளைக்கு அது மட்டும் வேண்டாம், பிசியோ சொன்ன பயிற்சி முடியட்டும். மத்தபடி பக்கத்துலயே இருங்க." முடிந்தால் ஒருமுறை அவரையும் கூட்டிப்போங்கள். வேண்டாம் என்றாலும் கட்டாயப்படுத்துகிறவராக இருந்தால் அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது, 181-க்கு அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது.

திரும்பத் தொடங்கும் நாளில் நீங்கள் மேலே இருங்கள், அல்லது இருவரும் ஒருக்களித்துப் படுங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும். வலித்தால் அங்கேயே நிறுத்தி, எந்த இடம், எப்படி வலித்தது என்று நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை பிசியோவிடம் காட்டுங்கள்.