லினக்ஸில் பயனரின் சிபியு பயன்பாட்டுக்கு வரம்பு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் ஒருவருடைய புரோகிராம் சிபியுவின் எல்லா கோர்களையும் (அதற்குள் உள்ள தனித்தனிக் கணக்கீட்டு அலகுகள்) பிடித்துக்கொண்டால், நிர்வாகியின் கை முதலில் பயனர் வரம்புகளை எழுதும் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்புக்குத்தான் போகும். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கோப்பில் சிபியு என்ற உருப்படிக்கு 10 என்று எழுதினால் அது 10 சதவீதம் அல்ல, 10 நிமிடம். கட்டளை அடிக்கும் ஷெல்லில் ‘யூலிமிட் -டி’ கொடுத்தால் அதே கணக்கு நொடியில். இரண்டுமே வேகத்தைக் குறைப்பதில்லை. ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மொத்தமாக அவ்வளவு சிபியு நேரம் செலவழித்ததும் அதைக் கொன்றுவிடுகின்றன. இரண்டு நாள் ஓட வேண்டிய சிமுலேஷன் பாதியில் செத்துக் கிடக்கும். நூறு குட்டிப் புராசஸ்களைக் கிளப்பும் பில்டு வேலையோ (மூலநிரலிலிருந்து புரோகிராமை உருவாக்குவது) தப்பித்துவிடும், ஏனென்றால் புதிய புராசஸ் ஒவ்வொன்றுக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஏற்கெனவே லாகின் செய்திருப்பவரை இந்தக் கோப்பில் செய்யும் மாற்றம் தொடவும் தொடாது.

புரோகிராமின் நைஸ் மதிப்பை 19 ஆக்கினால் (மிகக் குறைந்த முன்னுரிமை) போதும் என்பது அடுத்த நம்பிக்கை. நைஸ் வெறும் முன்னுரிமை. போட்டிக்கு ஆள் இல்லாதபோது அந்தப் புரோகிராம் 100 சதவீதமும் எடுத்துக்கொள்ளும். (அது பல இடங்களில் நல்லதுதான். சும்மா கிடக்கும் கோரைப் பூட்டி வைத்து யாருக்கு லாபம்?)

உண்மையான உச்சவரம்பு வேண்டுமென்றால், புராசஸ்களைக் குழுவாகக் கட்டி வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதியான சிகுரூப்பே சரியான வழி. ஸ்லைஸ் என்பது அப்படி ஒரு குழு, 1001 என்பது பயனரின் எண்:

சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி யூசர்-1001.ஸ்லைஸ் சிபியுகோட்டா=150%

இங்கே 100% என்பது ஒரு கோர், முழு மெஷின் அல்ல. எட்டு கோர் மெஷினில் பாதியைக் கொடுக்க நினைத்து 50% என்று எழுதினால் அரை கோர்தான் கிடைக்கும். எழுத வேண்டியது 400%. யூசர்.ஸ்லைஸ் மீது வரம்பு வைத்தால் எல்லாப் பயனர்களும் அந்த ஒரே பங்கை அடித்துப் பிடித்துப் பகிர வேண்டிவரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டுமானால் யூசர்-.ஸ்லைஸ்.டி அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு வையுங்கள். அது ரூட் பயனரையும் (எண் 0 கொண்ட நிர்வாகிக் கணக்கு) சேர்த்துக் கட்டிப்போடும் என்பதை மறக்காதீர்கள். அதைத் தவிர்க்க யூசர்-0.ஸ்லைஸ்.டி அடைவில் அதே பெயரில் இன்னொரு கோப்பு வைத்து, அதில் கோட்டாவை வெறுமையாக விடுங்கள்.

புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கு அனுமதி உள்ளவர் இதற்குள் அடங்கமாட்டார். கன்டெய்னர்கள் வழக்கமாக பயனரின் ஸ்லைஸுக்கு வெளியே, சிஸ்டம்.ஸ்லைஸுக்குள் ஓடுவதால், அவற்றுக்குத் தனியாக ‘--சிபியுஸ்’ வரம்பு தேவை. டெபியன் லினக்ஸில் கிரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) அப்படித்தான் நழுவும்.

கோட்டா 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 200% கோட்டாவில், போதிய கோர்கள் உள்ள மெஷினில் 16 திரெட் (ஒரு புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒன்றாக ஓடினால் 12.5 மில்லிசெகண்டில் பங்கு தீர்ந்துவிடும், மீதி 87.5 மில்லிசெகண்டும் எல்லாம் உறைந்து நிற்கும். சர்வருக்கான எஸ்எஸ்ஹெச் இணைப்பு திக்கித் திணறுகிறது என்று அந்தப் பயனர் புகார் சொன்னால், அவருடைய ஸ்லைஸில் உள்ள சிபியு.ஸ்டாட் கோப்பைத் திறந்து ‘என்ஆர்_த்ராட்டில்ட்’ எண் (இப்படி நிறுத்தப்பட்ட தடவைகள்) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கோட்டாவைக் கூட்டுவதற்கு முன், திரெட் எண்ணிக்கையை 2 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.