வாரம் ஒரு மணி நேரம்: பள்ளிப் பிள்ளைக்கு வழிகாட்டியாக இருப்பது எப்படி?

2021-இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது 'தன்னார்வலர்' என்ற சொல் எங்கள் நெல்லைத் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. அவர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சொல்லப்போவது வேறு. ஒரே ஒரு பிள்ளை, வாரத்தில் ஒரு மணி நேரம், குறைந்தது ஒரு வருஷம். டியூஷன் இல்லை.

படி 1: நாளும் இடமும்

நாளை வீட்டாரிடம் கேட்டுக் குறியுங்கள். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற வீடாக இருந்தால், சுற்றியதைக் கடையில் கொடுக்கக் கிளம்பும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். "வாங்க" என்பார்கள், மனசு பீடித்தட்டில் இருக்கும். தார்சாவிலோ (வீட்டின் முன்கூடம்) திண்ணையிலோ, நாலு பேர் கண்ணில் படும்படி உட்காருங்கள். பூட்டிய அறை, உங்கள் வீடு, பைக்கில் தனியாக ஒரு சுற்று, இவை எதுவும் வேண்டாம். கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போக ஆசையா? வீட்டிலிருந்து ஒருவரும் வரட்டும்.

படி 2: முதல் மூன்று வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முதல் நாளே "கணக்குல எத்தனை மார்க்கு?" என்று கேட்டுவைத்தேன். அடுத்த வாரம் பயலுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த வாரமும். "ஏல, அக்கா வந்திருக்காவ, வெளிய வா" என்று அவன் அம்மா கூப்பிட்ட பிறகுதான் கதவோரம் தலை தெரிந்தது.

அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. அம்மா விற்கிற பனங்கிழங்கை எண்ணிக் கட்டுவது அவன் வேலை. பேசாமல் கூட உட்கார்ந்து நானும் எண்ணினேன். 175 கிழங்கு, கட்டுக்கு 25 என்றால் எத்தனை கட்டு? நான் யோசிக்கும் முன்னே "ஏழு" என்றான். வகுத்தலே வராது என்று பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவன்! நாங்கள் நோட்டைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

படி 3: ரகசியம்

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். சத்தியம் செய்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போலீசில் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். உங்கள் விருப்பம் அல்ல. குறுக்குவிசாரணை செய்யாதீர்கள், பிள்ளை சொன்ன வார்த்தைகளை அன்றைக்கே அப்படியே எழுதிவையுங்கள். எந்த ஆபத்துக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

படி 4: பணம், போட்டோ

பணம் கொடுக்காதீர்கள். பிள்ளையோடு எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவ்வளவுதான்.

படி 5: நிறுத்தும்போது

வர முடியாத வாரம் முந்தின நாளே போன் பண்ணுங்கள், பிள்ளையிடமே பேசுங்கள். வேலை மாறி ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் எது என்று வீட்டுக் காலண்டரில் அந்தப் பிள்ளையையே வட்டம் போடச் சொல்லுங்கள்.