ஆம்புலன்ஸில் யாருக்கு என்ன வேலை, மேற்பார்வை யார் கையில்?

ஷிப்ட் மாறியதும், வண்டி கிளம்புவதற்கு முன்பே குழுத் தலைவர் யார் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இருவர் மட்டும் போகும் வண்டியில் தலைவரும் சிகிச்சையில் கை வைத்தே ஆகவேண்டும். கூடுதல் ஆள் வந்ததும் தலைவர் கையை எடுத்துவிட்டு மானிட்டரையும் கடிகாரத்தையும் கவனிக்கட்டும். இதயம் நின்ற பெரியவர்களுக்கு நெஞ்சு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ.; 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அழுத்துகிறவருக்குத் தன் களைப்பு தெரியாது. ஆழம் குறைவது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குத்தான் படும், அதனால் "மாறு" என்று சொல்வது தலைவரின் பொறுப்பு.

யார் எதுவரை போகலாம் என்பதை மேற்பார்வை மருத்துவர் கையெழுத்திட்ட நிலையாணையாக (ஒவ்வொரு முறையும் கேட்காமலே செய்யத்தக்கவற்றின் எழுத்து உத்தரவு) வண்டியிலேயே வைத்திருங்கள். பொதுவாக ஆக்சிஜன், பை-முகமூடி சுவாசம், ரத்தக்கசிவை நிறுத்துவது, ஏ.இ.டி. (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவி) ஆகியவை அடிப்படைப் பணியாளருடையவை. நரம்பு (ரத்தக்குழாய்) வழி மருந்து, மூச்சுக்குழாய்க் குழல் போன்றவை கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குடையவை. தெரியும் என்பதற்காக எல்லை தாண்டக் கூடாது.

நிலையாணையில் இல்லாததற்கு மருத்துவரைப் போனில் கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்: "அட்ரினலின் 0.5 மி.கி., தொடைத் தசையில், சரியா?" அவர் "சரி" என்ற பிறகே ஊசி. கடும் ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்கான அளவு இது, 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில் (சின்ன மருந்துக் குப்பி) பாதி. தசையிலா நரம்பிலா என்ற வழியைச் சொல்லாமல் விட்டால், இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் பழக்கத்தில் முழு 1 மி.கி.யும் நரம்பில் போய்விடும். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அது பேராபத்து.

கேஸ் முடிந்த பிறகுள்ள மேற்பார்வையைத்தான் பலரும் தட்டிக்கழிக்கிறார்கள். இதயம் நின்றவை, குழல் போட்டவை, குழந்தைகள், ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தவர்கள்: இந்தப் பதிவுகளை ஒன்றுவிடாமல் படியுங்கள், மற்றவற்றில் குலுக்கி எடுத்த சில போதும். படிப்பவர் அந்தக் குழுவில் இருந்தவராக இருக்கக் கூடாது. குழல் போட்ட பதிவில் வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலைவரைபடம் (குழல் சரியான இடத்தில் இருப்பதற்கான சான்று) இணைந்திருக்க வேண்டும், "இரு பக்கமும் மூச்சொலி கேட்டது" என்ற வரி மட்டும் போதாது. மானிட்டர் கடிகாரமும் கட்டுப்பாட்டு அறைக் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் நேரக் கணக்கே பொய்யாகிவிடும், தினமும் சரிபாருங்கள்.

தவறு கண்டதும் மெமோ கொடுத்தால் அடுத்த தவறு பதிவேட்டுக்கே வராது. முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரே நிறப் பட்டையுள்ள இரண்டு ஆம்பூல்கள் அருகருகே இருந்தால், அன்றைக்கே ஒன்றைப் பெட்டியின் வேறு அறைக்கு மாற்றுங்கள்.