கல்லிடைக்குறிச்சிப் பக்குவத்தில் அப்பளத் தொழில்: முதல் ஒரு கிலோ மாவும் அதன் கணக்கும்

திருநெல்வேலிச் சீமையில் அப்பளம் என்றாலே கல்லிடைக்குறிச்சிதான். காரணம் கேட்டால் தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள். இருக்கட்டும். வீட்டில் புதிதாகத் தொடங்கும் பெண்களின் சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான்: காய்ச்சல் பதம் தெரியாதது, தன் கூலியைக் கணக்கில் சேர்க்காதது. உளுந்து அரைப்பதையும் மாவு சலிப்பதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நேராக அளவுக்குப் போவோம்.

மாவு

தோல் நீக்கிய உளுந்து மாவு 1 கிலோ, உப்பு 80 கிராம், அப்பளக் காரம் (மிளகாய்க் காரமல்ல, அப்பளத்துக்கென்றே விற்கும் கார உப்பு) 10 கிராம், பிரண்டைச் சாறும் தண்ணீருமாக 430 மில்லி. கைக்கும் உலக்கைக்கும் தடவ நல்லெண்ணெய்.

காரத்தைக் கண் அளவில் போடவே கூடாது. முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. அப்பளம் அழுத்தும் மிஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கை பழகாமல் மிஷின் வாங்கினால் அது பரணுக்குத்தான் போகும்.

பிரண்டை இளசாக இருக்கட்டும். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிப்பு உயிரை வாங்கும். அரைத்து வடிகட்டி, உப்பும் காரமும் போட்டுக் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். கொதிக்கும்போது சாறு வற்றும், அதனால் 430 மில்லியை ஆறிய பிறகு அளக்க வேண்டும். அதிலும் 50 மில்லியைத் தனியே வைத்துக்கொண்டு மீதியை ஊற்றிப் பிசையுங்கள். புது உளுந்தும் பழைய உளுந்தும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது.

பிசைந்த மாவை எண்ணெய் தொட்டுத் தொட்டு 20 நிமிடமாவது இடிக்க வேண்டும். ஒரு துண்டை இழுத்தால் வெடுக்கென்று அறாமல் நீள வேண்டும். தேய்க்கும்போது ஓரம் விண்டால் இடி போதவில்லை என்று பொருள். அப்போது தண்ணீர் தெளிக்காதீர்கள், திரும்ப இடியுங்கள். கயிறாக உருட்டி, நூலால் வெட்டி, ஈரத்துணி போட்டு மூடித் தேய்க்க வேண்டியதுதான். தேய்க்கும்போது ஒட்டாமலிருக்கத் தூவும் மேல்மாவை மட்டும் கொஞ்சமாகத் தொடுங்கள். மிஞ்சியது எண்ணெய்ச் சட்டியில் உதிர்ந்து கருகி, அடுத்த அப்பளத்தில் கரும்புள்ளியாக ஒட்டும்.

காய்ச்சல்: சரக்கு கெடுவது இங்கேதான்

"ரெண்டு மணி நேரம் காயவிடுங்க" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனி, ஆடியில் அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் விழும், பாளையங்கோட்டையில் அதே நாளில் காற்று புழுதியை வாரி அடிக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரக் கணக்கு எப்படிச் சரிவரும்?

கடிகாரத்தை விட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் பிசைந்த மாவு சுமார் 1,520 கிராம் இருக்கும். காய்ந்த அப்பளமாக அது 1,150 கிராம் அளவில் நிற்க வேண்டும். அதாவது எடையில் கால் பங்கு குறைய வேண்டும். தேய்த்த கையோடு பத்து அப்பளத்தை எடை போட்டு ஒரு தட்டில் தனியே காய வையுங்கள். 92 கிராம் இருந்தால், 70 கிராமுக்கு வந்ததும் மொத்தத்தையும் எடுத்துவிடலாம். அந்த நிலையில் அப்பளம் தோல் போல வளையும், ஒடியாது.

76, 78 கிராமிலேயே கட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். 65க்குக் கீழே போனால் பஸ்ஸில் ஒரு குலுக்கலுக்கே நொறுங்கும். நேர் வெயில் வேண்டாம், ஓரம் முந்திக் காய்ந்து சுருண்டுகொள்ளும். நிழலில், மெல்லிய வெள்ளைத் துணி மூடிக் காய வைத்தால் புழுதியும் விழாது.

எடுத்த சூட்டோடு கவரில் போடுவது இன்னொரு தப்பு. உள்ளே வேர்த்து, காய வைத்ததெல்லாம் வீணாகும். 25 அப்பளமாக அடுக்கி, மேலே பலகையும் கனமும் வைத்து ஓர் இரவு விட்டு, மறுநாள் கட்டுங்கள். மொறமொறவென்று சத்தம் போடும் கனமான பிபி (பாலிபுரொப்பிலீன்) கவர்தான் நல்லது. அடியில் ஒரு வட்ட அட்டை வைத்தால் உடைசல் குறையும்.

கணக்கு

விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாவு 150 ரூபாய், உப்பு, காரம், பிரண்டை, எண்ணெய் 25, கவரும் லேபிளும் 44, போக்குவரத்து 20. பிசைவதிலிருந்து கட்டுவது வரை 4 மணி நேரம், மணிக்கு 50 என்று உங்கள் கூலி 200. ஆக 439. இந்தக் கூலியை விட்டுவிட்டு "239 ரூபாய்தானே ஆச்சு" என்று விலை வைப்பவர்கள்தான் ஆறு மாதத்தில் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள்.

100 கிராம் பாக்கெட் 11 வரும். ஒன்று உடைசலுக்குப் போனால் விற்க 10. பாக்கெட்டுக்கு அடக்கம் 44. கடைக்காரருக்கு 20 சதவீதம் கழிவு என்றால், 55 ரூபாய் விலை போட்டாலும் கைக்கு வருவது அதே 44, லாபம் பூஜ்யம். 60 போட்டால்தான் 4 ரூபாய் நிற்கும். அதனால் முதல் ஆறு மாதம் கடைகளைவிடக் கல்யாண வீடுகளையும் தவசுப்பிள்ளைமாரையும் (விசேஷ வீட்டுச் சமையல்காரர்களையும்) பிடியுங்கள். எண்ணிக்கைக் கணக்கில் மொத்தமாக எடுப்பார்கள், லேபிள் செலவும் கடைக் கழிவும் மிச்சம். "மதினி, ரெண்டு பாக்கெட் குடுங்க, பொறவு தாரேன்" என்று வருகிறவர்களுக்கு ஒரு தனி நோட்டு போட்டுவிடுங்கள்.

பதிவு

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் பாக்கெட் போடக் கூடாது. வீட்டளவில் செய்யும் சிறு தொழிலுக்குச் சாதாரணப் பதிவு போதும். 14 இலக்க எண் கிடைக்கும். உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு, முழுக்க இலவசம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி வரி கிடையாது. சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லை.

இதில் பெண்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு: இனிஷியல். ஆதாரில் தகப்பனார் எழுத்து, பான் கார்டில் வீட்டுக்காரர் எழுத்து, பாஸ்புக்கில் எழுத்தே இல்லை. உத்யம் பதிவோ கடன் மனுவோ இதிலேயே நிற்கும். எதை வேண்டுமானாலும் வையுங்கள், மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். இதை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். விற்பனைக்கு வைக்கும் கியூஆர் அட்டையும் உங்கள் கணக்கில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கணக்கில் விழுந்த பணத்தை உங்கள் வியாபாரம் என்று வங்கி எடுத்துக்கொள்ளாது.

லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுங்கள், காரத்தையும் விடாமல். நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, முகவரி, போன் நம்பர், பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும்.

பின்சேர்க்கை

பொரித்தால் சிவந்துபோகிறது என்று பலர் கேட்டதால் இது. காரம் கூடினால் அப்பளம் சிவக்கும், நாக்கில் சோப்பு வாடையும் தட்டும். 10 கிராமைச் சரிபாருங்கள். காரம் சரியென்றால் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். அரைத்து நாளான மாவும் நிறம் மங்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.