12 வோல்ட் தானே என்று அலட்சியம் வேண்டாம்: தோட்ட விளக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் வேலை பழகும் இரண்டு பையன்கள் சென்ற மாதம் ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு விளக்குப் போட்டு முடித்து, இருட்டியதும் ஸ்விட்சைத் தட்டினார்கள். வரிசை முழுக்க எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. "அண்ணே, எல்இடி மட்டமான சரக்கு போல" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில் இதே தப்பைச் செய்துவிட்டு இதே மாதிரி பல்பைத்தான் திட்டினேன்.

12 வோல்ட் விளக்கில் நல்லது நிறைய. ஈரக்கையோடு தொட்டாலும் ஷாக் அடிக்கும் பயம் மிகக் குறைவு. மண்வெட்டி தப்பி ஒயரில் பட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நீச்சல் குளத் தண்ணீருக்குள் ஏசியில் விளக்கு எரிக்க ஐஇசி என்ற சர்வதேச மின் அமைப்பின் தரநிலை அனுமதிப்பதும் 12 வோல்ட் வரைதான். செடி வளர்ந்து விளக்கை மறைத்தால் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த வசதிதான் அலட்சியத்தையும் கொண்டு வருகிறது. வீட்டுக்குள் போடும் விளக்கை மழையில் வைப்பது போன்ற தப்புகளை விட்டுவிடுகிறேன், அவை யாருக்கும் தெரியும்.

ஒல்லி ஒயரை நீளமாக இழுப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குக் கைக்காசு போனது இதில்தான்.

அப்போது ஹாலோஜன் காலம். நடைபாதை ஓரமாக 25 மீட்டருக்கு 20 வாட் பல்பு எட்டு. ஒன்றரை ஒயர் (ஒன்றரை சதுர மில்லிமீட்டர் தடிமன்) ஒன்றை எடுத்து, ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டே போனேன். ஒயர் சூடாகவில்லை, ஃபியூஸ் போகவில்லை. முதல் விளக்கு பளீரென்று எரிந்தது. கடைசி விளக்கு அணையப்போகும் அடுப்புக் கங்கு மாதிரி இருந்தது. பல்பை மாற்றினேன், அப்படியே இருந்தது. 230 வோல்ட்டை 12 ஆக இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பெரியதாக வாங்கி வைத்தேன், அதற்கும் அசையவில்லை. அப்புறம் புத்திசாலித்தனமாக ஒயரை டிரான்ஸ்ஃபார்மரின் 14 வோல்ட் முனைக்கு மாற்றினேன். கடைசி விளக்கு கொஞ்சம் தேறியது. ஆனால் ஒன்றரை மாதத்தில் முதல் இரண்டு பல்பும் போய்விட்டன. மல்டிமீட்டரை எடுத்துக் கடைசி விளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. 12 வோல்ட் முனைக்கே திருப்பிவிட்டு அளந்தேன்: 8.6 வோல்ட். அந்த மின்னழுத்தத்தில் ஹாலோஜன் பல்பு தர வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தரும். புல்வெளியைத் திரும்பத் தோண்டி, புது ஒயர் பதித்து, புல்லையும் நட்டுக் கொடுத்தேன். செலவு முழுக்க என்னுடையது.

காரணம் சின்னக் கணக்குதான். 60 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் கால் ஆம்பியர் சொச்சம் ஓடும். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 5 ஆம்பியர் ஓடும். ஒயரில் விழும் வோல்ட் ஆம்பியரைப் பொறுத்தது, அதனால் அதுவும் அத்தனை மடங்கு கூடும். விழுவதோ 230-லிருந்து அல்ல, வெறும் 12-லிருந்து. வீட்டுக்குள் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் அதுவே பன்னிரண்டில் ஒரு பங்கு.

செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.012 ஓம், இரண்டரை என்றால் 0.0074, நாலு என்றால் 0.0046. தூரத்தை இரண்டால் பெருக்குங்கள் (போகும் கம்பி, திரும்பும் கம்பி), அதை இந்த எண்ணாலும் ஆம்பியராலும் பெருக்குங்கள். வருவதுதான் வழியில் தொலையும் வோல்ட். இரண்டால் பெருக்குவதைப் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள்.

"இப்போதுதான் எல்இடி வந்துவிட்டதே" என்று சொல்வார்கள். பையன்கள் செய்ததும் அதை நம்பித்தான். தோட்டத்தின் கடைக்கோடியில் 6 வாட் எல்இடி பத்து, டிரான்ஸ்ஃபார்மர் 40 மீட்டர் தள்ளி வீட்டுச் சுவரில், நடுவே ஒன்றரை ஒயர். கணக்குப்படி கிட்டத்தட்ட 4.8 வோல்ட் வழியிலேயே போயிற்று. ஹாலோஜனாக இருந்தால் மங்கி எரிந்து தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கும். டிரைவர் (எல்இடிக்கு வேண்டிய மின்சாரத்தைச் சீராகத் தரும் சின்னச் சர்க்யூட்) வைத்த எல்இடி அப்படி மங்காது; வோல்ட் குறையக் குறைய அதே வாட்டுக்காகக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். அதனால் வோல்ட் இன்னும் விழும். கடைசியில் டிரைவர் கையை விரிக்கும், விளக்கு அணையும், லோடு போனதும் வோல்ட் ஏறும், மறுபடி எரியும். பையன்கள் பார்த்த மின்னல் விளையாட்டு இதுதான்.

நாலு சதுர ஒயரில் இரண்டு தனி லைன் இழுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து விளக்கு மாட்டினோம். இழப்பு ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கியது. வரிசையாக விளக்கு வருகிற இடத்தில் ஒரு முனையிலிருந்து ஊட்டாமல் வரிசையின் நடுவில் கொண்டுபோய் ஊட்டினாலும் பாதிப் பிரச்சினை தீரும். தூரம் ரொம்ப அதிகமென்றால் 24 வோல்ட் விளக்குகளாகவே வாங்கிவிடுங்கள். ஆம்பியர் பாதியாகும், விகிதப்படி இழப்பு நாலில் ஒன்றாகும். எந்த வழியில் போனாலும் பள்ளத்தை மூடுவதற்கு முன் எல்லா விளக்கையும் எரியவிட்டுக் கடைசி விளக்கில் மீட்டரை வையுங்கள். லோடு இல்லாமல் அளந்தால் 12 தான் காட்டும், அதை நம்பி மண்ணைத் தள்ளாதீர்கள்.

உள்ளறை டிரான்ஸ்ஃபார்மரை வெளியே கொண்டுவருவது

கூரைக்குள் வைக்கும் சின்ன எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் மிச்சமிருந்தால் தோட்டத்தில் மாட்டிவிடத் தோன்றும். அதன் வெளியீடு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுவது, ஓரிரு மீட்டர் ஒயருக்கு மேல் அதற்கு ஒத்துவராது. குறைந்தபட்ச லோடு இல்லையென்றால் எல்இடியை மினுக்கவும் வைக்கும். வெளியில் வைக்கவென்றே செய்த, இரண்டு சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். 12 வோல்ட்டின் பாதுகாப்பெல்லாம் அந்தப் பிரிவினால்தான்.

முழுக் கொள்ளளவுக்கும் விளக்கு மாட்டுவது

டிரான்ஸ்ஃபார்மரின் வாட்டில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அடுத்த வருடம் நிச்சயம் இன்னும் இரண்டு விளக்கு கேட்பார்கள்.

டேப் சுற்றிய ஜாயின்ட்

மண்ணுக்கடியில் இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. தண்ணீர் உள்ளே போய்ச் செம்பு பச்சையாகி, பிறகு கறுத்து, தொட்டால் உதிரும். ஒயருக்குள்ளேயே ஊர்ந்துபோய் அரையடி தள்ளியும் கறுத்திருக்கும். ஜெல் நிரப்பிய கனெக்டர் வையுங்கள், அல்லது உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஷாக் அடிக்காது என்பதால் லூஸ் ஜாயின்ட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. 5 ஆம்பியர் ஓடும் லூஸ் ஜாயின்ட் சூடாகும். காய்ந்த சருகு பக்கத்தில் ஒருமுறை உருகிப்போன கனெக்டரை எடுத்திருக்கிறேன்.

ஃபோட்டோசெல்லுக்கு எதிரிலேயே விளக்கு

ஃபோட்டோசெல் என்பது இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கும் சென்சார். எதிரில் விளக்கு இருந்தால் எரியும், வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டது என்று அணையும், மறுபடி எரியும். விடிய விடிய.

வெள்ளை வெளேரென்ற எல்இடி

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள் கூடும். 2700 அல்லது 3000 கெல்வின் போதும். நீலம் கலந்த வெளிச்சம் பூச்சியைக் கூடுதலாக இழுக்கும், இலையும் செத்த நிறத்தில் தெரியும்.

மரத்தில் இறுக்கிக் கட்டுவது

மரம் பருக்கும், கட்டிய கம்பி பருக்காது. இரண்டு மூன்று வருடத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும். துருப்பிடிக்காத ஸ்க்ரூவில் இடைவெளி விட்டு மாட்டி, ஒயரைக் கொஞ்சம் தளர விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூவை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ வெளியே திருப்பிவிட்டு வாருங்கள்.