நவாப் சிற்றோவியத்தை வரைந்தவரைக் கண்டறியும் முறை

உதகையிலோ குன்னூரிலோ பழைய பங்களாவின் பெட்டியொன்றில், உள்ளங்கையில் அடங்கும் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் சிற்றோவியம் கிடைத்தால், தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள்; தந்தத் தகட்டின்மேல் நீர்வண்ணத்தில் தீட்டியதாக இருந்தால் முகமே கரைந்துபோகும். ஆடிச் சாரலில் சட்டத்தைத் திறக்கவும் வேண்டாம். ஈரக்காற்றில் மெல்லிய தந்தம் வளைந்து, வண்ணம் உதிரும்.

வெளிச்சமுள்ள காலையில், சன்னலோரம் அமர்ந்து, பூதக்கண்ணாடியால் ஓவியத்தின் விளிம்பைப் பொறுமையாகப் பாருங்கள். 1785 முதல் 1795 வரை சென்னையில் தங்கி நவாபையும் வரைந்த ஆங்கிலேய ஓவியர் ஜான் ஸ்மார்ட், தம் பெயரின் முதலெழுத்துகளான ‘ஜே. எஸ்.’ என்பதோடு ஆண்டையும், அதன் கீழே இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தையும் எழுதுவது வழக்கம். ஆண்டு அந்தப் பத்தாண்டுக்கு வெளியே இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கையொப்பத்தை மட்டும் நம்புவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பிரதி எடுப்பவர் அதையும் சேர்த்தே எழுதிவிட முடியும். ஆகவே முகத்தைப் பாருங்கள்: ஸ்மார்ட்டின் கையில் கண்ணோரச் சுருக்கங்கள்கூட நுண்ணிய தீற்றல்களால் உருவாகியிருக்கும். ஒரே இடைவெளியில் வரிசையாக அமைந்த புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். பின்புறச் சீட்டில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளலாம். அதையே சான்றாகக் கொள்ளக் கூடாது.